கிராமத்து அஞ்சலகமும் சட்டமும்

கிராம முன்னேற்றத்திற்கு இன்றியமையாத நிலையங்களை எண்ணும்போது பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், ஊராட்சி மன்றம் ஆகியவற்றை நாம் மறப்பதில்லை. அஞ்சலகத்தையோ பெரும்பாலும் நினைப்பதேயில்லை. ஆயினும், உழைத்துச் சேர்த்த பணத்தை எளிய மக்கள் நம்பி ஒப்படைப்பது அங்கேதான். அதன் அமைப்பு யாது, ஊழியர் யாவர், தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பவற்றை ஊரார் அறிந்திருத்தல் வேண்டும்.

அமைப்பு

நாடு விடுதலை பெற்ற 1947இல் இந்தியாவில் 23,344 அஞ்சலகங்களே இருந்தன. இன்று அவை 1,64,000க்கு மேற்பட்டுள்ளன. உலகிலேயே பெரிய அஞ்சல் அமைப்பு இதுவே. இவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு நாட்டுப்புறத்தில் உள்ளன. தலைமை, துணை, கிளை என இவை மூன்று படிகளாக இயங்குகின்றன. கிளை அஞ்சலகம் தன் மேலுள்ள அஞ்சலகத்திற்கு நாள்தோறும் கணக்குக் காட்டுகிறது.

கிளை அஞ்சலகம் திறப்பதற்கு வகுக்கப்பட்ட நெறிகளின்படி, சமவெளியில் ஊர்த் தொகுதியின் மக்கள் தொகை 3,000 இருத்தல் வேண்டும். அடுத்த அஞ்சலகம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருத்தல் வேண்டும். வருவாய் செலவில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே போதும். மலைப்பகுதிகளுக்கு இதனினும் குறைவான அளவே வைக்கப்பட்டது. இலாபம் கருதாது நட்டத்தை ஏற்று நடத்தப்படும் பொதுப்பணி இது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஊழியர்

கிளை அஞ்சலகங்களை நடத்துவோர் முழுநேர அரசு ஊழியரல்லர். நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரம் பணியாற்றும் கிராமிய அஞ்சல் ஊழியர்கள் நாடெங்கும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் உள்ளனர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே இவர்களுக்குரிய தகுதி. 65 வயது வரை பணியாற்றலாம். அஞ்சலகத்திற்கு இடம் தேடித் தருவதும் கிளை அஞ்சல் அதிகாரியின் கடமையாகும். இவர்கள் அரசின் சிவில் பதவி வகிப்போரே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே உரிய விசாரணையின்றி இவர்களைப் பணிநீக்கம் செய்தல் இயலாது.

சட்டம்

1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் நீக்கப்பட்டு, 2023ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. கடிதங்களைக் கொண்டுசெல்லும் தனியுரிமை பழைய சட்டத்தில் அரசுக்கு இருந்தது. புதிய சட்டத்தில் அது இல்லை. அஞ்சல் தலை வெளியிடும் தனியுரிமை மட்டும் நீடிக்கிறது.

மக்கள் கருத்திற் கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. அஞ்சற்பொருள் தொலைந்தாலோ, தாமதமானாலோ, சேதமுற்றாலோ, விதிகளில் குறிக்கப்பட்ட அளவுக்கு மேல் அஞ்சலகம் பொறுப்பேற்பதில்லை. வஞ்சகமாகவோ வேண்டுமென்றோ செய்த குற்றத்திற்கன்றி ஊழியரும் பொறுப்பாளியாகார். பழைய சட்டத்திலும் ஏறக்குறைய இதுவே நிலை.

சேமிப்புப் பணத்தின் நிலை வேறு. ஊழியர் தம் பணியின்போது செய்த மோசடிக்கு அஞ்சலகமே பொறுப்பு என, கிசான் விகாஸ் பத்திரங்கள் தொடர்பான வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஆயின், பணம் கட்டியதை மெய்ப்பிக்கச் சான்று வேண்டுமன்றோ? அச்சான்று மக்களின் கையில் இருத்தல் வேண்டும்.

ஊரார் செய்யத்தக்கவை

1. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணைத் தவறாது எழுதுக. 1972இல் வந்த இம்முறையில் தமிழ்நாட்டு எண்கள் 6 எனத் தொடங்கும்.

2. நிலப்பத்திரம், சான்றிதழ் போன்றவற்றைச் சாதாரணத் தபாலில் அனுப்பற்க. பதிவு செய்து, ரசீதைப் பத்திரப்படுத்துக. விலையுள்ள பொருளை இன்ஷூர் செய்து அனுப்புக.

3. பணம் கட்டியவுடன் ரசீதும் பாஸ் புத்தகப் பதிவும் பெறுக. பாஸ் புத்தகத்தை அஞ்சலகத்தில் கொடுக்க நேரின், அதற்கும் ரசீது கேட்டு வாங்குக. ஆண்டுக்கொரு முறை துணை அல்லது தலைமை அஞ்சலகத்தில் இருப்பைச் சரிபார்க்குக.

4. குறை நேர்ந்தால் ரசீதின் நகலுடன் கோட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்குக.

ரசீது கேட்பது அஞ்சல் ஊழியரை ஐயுறுவதாகாது. நேர்மையான ஊழியருக்கும் அதுவே காப்பு. எழுத்தறியாத முதியோருக்கு இதனை எடுத்துரைப்பது கற்ற இளைஞரின் கடமை. கிராம சபை கூடும் நாளில் ஊராட்சித் தலைவர்கள் இவற்றைப் படித்துக் காட்டுவாராயின், ஊராரின் சேமிப்புக்கு அது சிறந்த காவலாக அமையும்.