உலைச் சூட்டை அளப்பது எப்படி?

தோழிகளே, அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் பற்சக்கரங்களை 850 டிகிரிக்குச் சூடாக்குவாங்க. நம்ம லேப் வெப்பமானி அங்கே உதவாது. பாதரசம் 357 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே தெர்மோகப்பிள்தான்.

இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் சேர்த்துச் சூடாக்கினால், மறுமுனைகளுக்கு இடையே மின்னழுத்தம் உண்டாகும். 1821-ல் சீபெக் கண்ட விளைவு இது. குரோமல், அலுமல் கம்பிகளில் 850 டிகிரிக்குச் சுமார் 35 மில்லிவோல்ட். (டார்ச் செல்லில் 1500!)

எங்க அப்பா உலை ஆபரேட்டர். ஒரு தடவை, உலையிலிருந்து மீட்டருக்குப் போகிற கம்பி அறுந்ததும் யாரோ சாதா செம்புக் கம்பியைப் போட்டுட்டாங்க. உலை மேலிருக்கும் இணைப்புப் பெட்டியில் 80 டிகிரி, மீட்டர் பக்கம் 30. நடுவிலுள்ள 50 டிகிரி கணக்கிலேயே வரல. மீட்டர் 850 காட்டினப்ப உள்ளே 900! எண்ணெயில் அமிழ்த்தினதும் சக்கரங்கள் கோணிப்போச்சு. மெமோ அப்பாவுக்கு. மீட்டரைப் பார்த்து ஓட்டினவர் மேல என்ன தப்பு?

தெர்மோகப்பிளுக்குப் பொருந்தும் கம்பியைத்தான் மீட்டர் வரைக்கும் இழுக்கணும். இப்பல்லாம் அப்பா முதலில் கம்பியைப் பார்த்துட்டுத்தான் உலையைப் போடுவார்.

– 9-ஆம் வகுப்பு மாணவி