கல் எங்கே கிடைத்தது?

உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். எத்தனை கற்கள் இருக்கின்றன? அம்மிக் கல், ஆட்டுக் கல், துணி துவைக்கும் கல், வாசற்படிக் கல். அரிவாள் தீட்டவும் ஒரு கல் வைத்திருப்போம். இந்தக் கற்கள் எந்த மலையிலிருந்து வந்தன? யார் வெட்டிக் கொண்டு வந்தார்கள்? பெரும்பாலும் நமக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் அம்மி நன்றாகவே அரைக்கும்.

ஆனால் வேறு சில கற்கள் உண்டு. அவை கிடைத்த இடம் தெரிந்தால்தான் அவற்றுக்கு மதிப்பு. இடம் தெரியாமல் போனால் பாதிக் கதை போய்விடும். அப்படிப்பட்ட கற்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு மியூசியத்தைப் பற்றி இந்தப் பாடத்தில் படிப்போம்.

கொல்கத்தாவில் ஒரு மியூசியம்

மேற்கு வங்காளத்தின் தலைநகர் கொல்கத்தா. நகரின் வடக்கே பராநகர் என்ற பகுதி இருக்கிறது. அங்கே இந்தியப் புள்ளியியல் நிறுவனம் உள்ளது. இதை 1931ஆம் ஆண்டு தொடங்கியவர் பேராசிரியர் மகாலனோபிஸ். 1959ஆம் ஆண்டில் வந்த சட்டத்தின்படி, பல்கலைக்கழகங்களைப் போலவே இதுவும் பட்டம் வழங்குகிறது.

புள்ளியியல் என்றால் என்ன? எண்ணிக் கணக்கெடுத்து, அந்தக் கணக்கிலிருந்து உண்மையைக் கண்டறியும் படிப்பு. ஊரில் எத்தனை பேர், வயலில் எவ்வளவு விளைச்சல் என்றெல்லாம் கணக்கெடுக்க இந்தப் படிப்பு உதவும்.

கணக்குப் படிக்கும் இடத்தில் கல்லுக்கு என்ன வேலை? மகாலனோபிஸ் எல்லா அறிவியல் துறைகளும் ஒன்றுக்கொன்று உதவ வேண்டும் என்று நினைத்தார். பமேலா ராபின்சன் என்ற ஆங்கிலேய அறிஞரை லண்டனிலிருந்து அழைத்தார். 1957ஆம் ஆண்டில் நிறுவனத்தில் நிலவியல் பிரிவு தொடங்கியது. நிலவியல் என்பது மண்ணையும் பாறையையும் பற்றிய படிப்பு. அந்தப் பிரிவினர் ஆற்றங்கரைகளிலும் காடுகளிலும் தேடிச் சேர்த்தவைதான் இந்த மியூசியத்தில் உள்ளன.

பெரிய கால்

மியூசியத்தில் ஒரு பெரிய எலும்புக்கூடு நிற்கிறது. அது டைனோசர் என்னும் விலங்கின் எலும்புக்கூடு. டைனோசர்களில் பல வகை உண்டு. இது செடி கொடிகளைத் தின்ற வகை. நீண்ட கழுத்து, நீண்ட வால், தூண் போன்ற நான்கு கால்கள். மூக்கிலிருந்து வால் நுனி வரை சுமார் 14 மீட்டர் நீளம். அதாவது 45 அடிக்கும் மேல். தொடை எலும்பு மட்டுமே சுமார் 5½ அடி. ஓர் ஆளின் உயரம்!

இதற்கு 1975ஆம் ஆண்டில் ‘பராபாசாரஸ் தாகோரே’ என்று பெயர் வைத்தார்கள். வங்காளத்தில் ‘பரா’ என்றால் பெரிய. ‘பா’ என்றால் கால். ‘சாரஸ்’ என்பது பல்லியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பெரிய கால் பல்லி என்று பொருள். எலும்புகளைத் தோண்டிய 1961ஆம் ஆண்டு, கவிஞர் ரவீந்திரநாத் தாகூர் பிறந்த நூறாவது ஆண்டு. அதனால் அவர் பெயரையும் சேர்த்தார்கள்.

இந்த எலும்புகள் கொல்கத்தாவில் கிடைத்தவை அல்ல. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டம் இருக்கிறது. அங்கே சிரோஞ்சா வட்டத்தில் போச்சம்பள்ளி என்ற கிராமம். கோதாவரியும் பிராணஹிதாவும் பாயும் பகுதி அது. அந்தக் கிராமத்தின் அருகில்தான் இவை கிடைத்தன.

7 சென்ட் நிலம் சொன்ன கதை

அங்கே சுமார் 300 எலும்புகள் கிடைத்தன. அவை 276 சதுர மீட்டர் பரப்பில் சிதறிக் கிடந்தன. நம் கணக்கில் ஏறக்குறைய 7 சென்ட் நிலம்.

300 எலும்புகளும் ஒரே விலங்கினுடையவையா? இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு விலங்குக்கு இடது தொடை எலும்பு ஒன்றுதான் இருக்கும். ஓர் இடத்தில் ஆறு இடது தொடை எலும்புகள் கிடைத்தால், அங்கே குறைந்தது ஆறு விலங்குகள் கிடந்திருக்க வேண்டும். போச்சம்பள்ளியில் கிடைத்தவை குறைந்தது ஆறு விலங்குகளின் எலும்புகள்.

எலும்புகளோடு பெரிய பெரிய மரத்துண்டுகளும் கிடந்தன. அவையும் கல்லாகி இருந்தன. ஆறு விலங்குகள் ஓரிடத்தில். அவற்றோடு மரங்கள். இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? ஆற்று வெள்ளம் வடிந்த பிறகு கரையில் என்னென்ன ஒதுங்கிக் கிடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அறிஞர்களும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஒரு மந்தை வெள்ளத்தில் சிக்கி இறந்திருக்கலாம். வெள்ளம் அவற்றை மரங்களோடு அடித்து வந்து ஓரிடத்தில் ஒதுக்கியிருக்கலாம்.

இந்தக் கதையை எந்த எலும்பும் தனியாகச் சொல்லவில்லை. கிடந்த இடம் சொன்னது. பக்கத்தில் கிடந்தவை சொன்னன. யாராவது ஓர் எலும்பை மட்டும் பெயர்த்துச் சந்தையில் விற்றிருந்தால், வாங்கியவர் கையில் ஒரு கல் இருந்திருக்கும். கதை இருந்திருக்காது.

1977ஆம் ஆண்டில் எலும்புகளைப் பொருத்தி நிறுத்தினார்கள். அதன் மண்டை ஓடு கிடைக்கவில்லை. சில பற்கள் மட்டுமே கிடைத்தன. ஆகவே நாம் பார்க்கும் தலை, மனிதர் செய்து வைத்த மாதிரி.

எலும்பு எப்படிக் கல் ஆனது?

செத்த மாடு வெட்டவெளியில் கிடந்தால் என்ன ஆகும்? நாயும் நரியும் இழுக்கும். மிஞ்சிய எலும்பு வெயிலிலும் மழையிலும் உதிர்ந்துவிடும். ஆனால் வெள்ளம் உடனே மணலையும் சேற்றையும் போட்டு மூடிவிட்டால், எலும்பு உள்ளே தங்கும். மேலே அடுக்கு அடுக்காக வண்டல் சேரும். மண்ணுக்குள் ஊறும் நீரில் தாதுக்கள் கரைந்திருக்கும். அவை எலும்பின் நுண்ணிய துளைகளில் புகுந்து இறுகும். பல காலம் கழித்து எலும்பின் வடிவம் இருக்கும். ஆனால் அது கல்லாகி இருக்கும். இதற்குப் புதைபடிவம் என்று பெயர். எலும்பு மட்டும் அல்ல. இலை, மரம், சிப்பி, காலடித் தடம்கூடப் புதைபடிவம் ஆகலாம்.

மூடிய சேறும் மணலும்கூடக் கல்லாகிவிடும். சிலர் கல் சிலேட்டில் எழுதியிருப்பீர்கள். அதுவும் ஒரு காலத்தில் தண்ணீருக்கு அடியில் படிந்த சேறுதான். பூமிக்குள் அழுத்தமும் சூடும் சேர்ந்து அதைச் சிலேட்டுக் கல் ஆக்கின.

எவ்வளவு பழையது?

பராபாசாரஸ் வாழ்ந்தது சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பாறை அடுக்குகளில் பொதுவாக அடியில் உள்ளது பழையது. மேலே உள்ளது புதியது. எரிமலைப் பாறைகளில் உள்ள சில தாதுக்கள் சீரான வேகத்தில் மாறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் பாறையின் வயது தெரியும். ஓர் எலும்பு எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரிந்தால்தான் அதன் வயதைச் சொல்ல முடியும்.

18 கோடி ஆண்டு என்பது மனதில் பிடிபடாத எண். ஒரு கயிற்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கோடி ஆண்டுக்கு ஒரு மீட்டர் கயிறு. பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். அதற்கு 454 மீட்டர் கயிறு வேண்டும். பராபாசாரஸ் இருந்தது கடைசி நுனியிலிருந்து 18 மீட்டர் தள்ளி. நம்மைப் போன்ற மனிதர்கள் தோன்றி சுமார் 3 லட்சம் ஆண்டுகள். நமக்கு 3 சென்டிமீட்டர் கயிறு போதும். இரண்டு விரல் அகலம்கூட முழுதாக இல்லை!

வயிற்றுக்குள் இருந்த எலும்பு

இந்த நிறுவனத்தின் சேகரிப்பில் இன்னும் சில அரிய எலும்புகள் உள்ளன. பாராசூக்கஸ் என்பது முதலையைப் போன்ற உருவம் கொண்ட ஒரு பழைய விலங்கு. பராபாசாரஸுக்கும் முந்தைய காலத்தது. கோதாவரிப் பள்ளத்தாக்கில் இரண்டு பாராசூக்கஸ் எலும்புக்கூடுகள் சேர்ந்து கிடைத்தன. அவற்றின் வயிற்றுப் பகுதியில் வேறொரு சிறிய விலங்கின் எலும்புகள் இருந்தன. அவை கடைசியாகத் தின்ற இரை! அந்தச் சிறு விலங்குக்கு மலேரிசாரஸ் என்று பெயர். இங்கும் இடம்தான் உண்மையைச் சொன்னது. சிறிய எலும்பைத் தனியே எடுத்திருந்தால், யார் யாரைத் தின்றார் என்று தெரிந்திருக்காது.

லிஸ்ட்ரோசாரஸ் என்ற இன்னொரு விலங்கும் உண்டு. பன்றி அளவுள்ளது, தரையில் நடப்பது. வாழ்ந்தது சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. மேற்கு வங்காளத்தின் நிலக்கரிப் பகுதியை ஒட்டிய பாறைகளில் இது கிடைக்கிறது. தென் ஆப்பிரிக்காவிலும் கிடைக்கிறது. பனி மூடிய அண்டார்டிகாவிலும் 1969ஆம் ஆண்டில் கிடைத்தது. இடையில் பெருங்கடல். இது எப்படிக் கடந்தது? கடக்கவில்லை. அந்தக் காலத்தில் அந்த நிலங்கள் எல்லாம் ஒட்டியிருந்தன. அந்தப் பெருநிலத்துக்குக் கோண்டுவானா என்று பெயர். நடு இந்தியாவில் வாழும் கோண்டு மக்களின் நாட்டுப் பெயர்தான் அது. பிறகு நிலம் பிளந்து மெல்ல மெல்ல விலகியது. இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியது. இமயமலை எழுந்தது. மூன்று நிலங்களில் கிடைத்த எலும்புகளுக்கும் ஊர்ப் பெயர் எழுதி வைத்ததால்தான் இந்த உண்மைக்குச் சான்று கிடைத்தது.

முதலில் பார்ப்பவர் யார்?

இவை ஏதோ ஓரிரு இடங்களில் மட்டும் கிடைப்பவை அல்ல. குஜராத்தில் பாலாசினோர் அருகே ரையோலியில் டைனோசர் முட்டைகள் கிடைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் கல்லில் கடல் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. பூஜையில் வைக்கும் சாளக்கிராமமும் புதைபடிவம்தான். கடலில் வாழ்ந்த, நத்தை போல் ஓடு சுருண்ட ஓர் உயிரின் தடம் அதில் உள்ளது. மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தில் சில குடும்பங்கள் உருண்டைக் கற்களைக் காவல் தெய்வமாக வணங்கி வந்தார்கள். அவை டைனோசர் முட்டைகள் என்று 2023ஆம் ஆண்டில் செய்தி வந்தது. வணங்கியதால் அந்த முட்டைகள் உடையாமல் காப்பாற்றப்பட்டன.

கிணறு வெட்டுபவர், கல் உடைப்பவர், ஏரி தூர் வாருபவர், சாலை போடுபவர், ஆடு மேய்ப்பவர். பூமிக்குள் இருப்பதை அறிஞருக்கு முன்னால் பார்ப்பவர்கள் இவர்கள்தான். இவர்கள் கவனித்தால் ஒரு செய்தி பிழைக்கும். கவனிக்காவிட்டால் அது ஜல்லியோடு ஜல்லியாக லாரியில் போய்விடும்.

வித்தியாசமான கல் கண்ணில் பட்டால் என்ன செய்யலாம்?

1. உடைக்க வேண்டாம். தோண்டி எடுக்கவும் வேண்டாம். விற்க வேண்டாம்.
2. அது கிடக்கும் இடத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் இருந்தால் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு செருப்பையோ குச்சியையோ வைத்து எடுத்தால் அளவு தெரியும்.
3. சரியும் பள்ளத்திலோ குவாரி ஓரத்திலோ இறங்காதீர்கள். கல்லைவிட உயிர் பெரியது.
4. பஞ்சாயத்துத் தலைவரிடமோ, கிராம நிர்வாக அலுவலரிடமோ, பள்ளி ஆசிரியரிடமோ சொல்லுங்கள். நிலவியல் துறை உள்ள கல்லூரிக்கும் எழுதலாம். 1851ஆம் ஆண்டு தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் எழுதலாம்.
5. ஒரு சீட்டு எழுதுங்கள். இதுதான் முக்கியம்.

மியூசியத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு உண்டு. அந்தச் சீட்டு தொலைந்தால் பொருள் ஊமையாகிவிடும். அதை எழுதப் பெரிய படிப்பு தேவையில்லை. ஊர்ப் பெயரும் தேதியும் எழுதத் தெரிந்தால் போதும். அது இப்போது உங்களுக்குத் தெரியும்.

மாதிரிச் சீட்டு

என்ன பார்த்தோம்: ____________
ஊர், வட்டம், மாவட்டம்: ____________
எந்த இடம் (யார் நிலம், எதன் அருகில்): ____________
எத்தனை அடி ஆழம்: ____________
எந்த வகை மண் அல்லது பாறை: ____________
பக்கத்தில் வேறு என்ன கிடந்தது: ____________
தேதி: ____________
பார்த்தவர் பெயர்: ____________

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பார்த்தது நீங்கள். உங்கள் பெயரை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

புதிய சொற்கள்

நிலவியல் – மண்ணையும் பாறையையும் பற்றிய படிப்பு
புதைபடிவம் – மண்ணில் புதைந்து கல்லாகிப்போன உயிரினம் அல்லது அதன் தடம்
வண்டல் – நீர் கொண்டு வந்து சேர்க்கும் மண்
தாது – பாறைகள் உருவாகக் காரணமான பொருள்

பயிற்சி

1. பராபாசாரஸ் எலும்புகள் எந்தக் கிராமத்தின் அருகே கிடைத்தன?
2. அங்கே குறைந்தது எத்தனை விலங்குகள் கிடந்தன? அதை எண்ணிப் பார்க்கும் வழி என்ன?
3. லிஸ்ட்ரோசாரஸ் கடல் தாண்டி எப்படிப் பல நாடுகளில் கிடைக்கிறது?
4. சரியா, தவறா? எலும்புக்கூட்டில் உள்ள தலை உண்மையான எலும்பு.
5. உங்கள் வீட்டு அம்மி எங்கிருந்து வந்தது? வீட்டில் மூத்தவரைக் கேளுங்கள். அவர் சொன்னதை நான்கு வரிகளில் எழுதுங்கள்.
6. உங்கள் ஊரில் கிணறு வெட்டியவர்களைக் கேளுங்கள். மேலிருந்து கீழே என்னென்ன மண், என்னென்ன பாறை வந்தது? வரிசையாக எழுதிப் படம் வரையுங்கள்.