ஆட்டிசக் குழந்தையோட ஏர்போர்ட் செக்கிங்: அக்கா சொல்ற டிப்ஸ்

தங்கச்சி, பிளைட்டுக்குள்ள பையன் எப்படி உட்காருவான்னுதான் நீ கவலைப்படறே. அதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டியது செக்யூரிட்டி செக்கிங். நேரம் என்னவோ கொஞ்சம்தான். ஆனா ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு எதெல்லாம் ஆகாதோ, அதெல்லாம் அங்கே வரிசையா வந்து நிக்கும். கையில இருக்கிற பொம்மையை ட்ரேயில போடச் சொல்லுவாங்க. ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம்னு பிரிப்பாங்க. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் கிட்ட வந்து ஒரு கருவியை உடம்பு முழுக்க ஓட்டுவார். அது பீப்னு கத்தும். அதுவரைக்கும் கையை விரிச்சுக்கிட்டு அசையாம நிக்கணும்.

சோதனையே வேண்டாம்னு கேட்டுப் பிரயோஜனம் இல்லை. கேட்க வேண்டியது கொஞ்சம் கூடுதல் நேரம், தொடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை, யார் பின்னாடி யார் போறதுங்கிற ஒழுங்கு. இதையெல்லாம் கேட்டா பெரும்பாலும் தருவாங்க. ட்ரே முன்னாடி போய் நின்னுக்கிட்டுக் கேட்காம, முன்கூட்டியே கேட்டு வைக்கணும். அவ்வளவுதான் சூட்சுமம்.

டிக்கெட் போடும்போதே ஆரம்பி

டிக்கெட் எடுத்த கையோட விமான நிறுவனத்தோட கஸ்டமர் கேருக்குப் போன் போடு. "என் பையனுக்கு ஆட்டிசம் இருக்கு, டி.பி.என்.ஏ. போட்டு வைங்க"ன்னு சொல்லு. அறிவுசார், வளர்ச்சி சார்ந்த குறைபாடு உள்ள பயணிக்கு உதவி தேவைன்னு குறிக்க விமான நிறுவனங்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தற குறியீடு அது. உன் பி.என்.ஆர்.ல அது ஏறிட்டா, கவுன்ட்டர்ல இருக்கிறவங்களுக்கு நீ முதல்லேருந்து கதை சொல்ல வேண்டியதில்லை. புறப்படறதுக்கு 48 மணி நேரம் முன்னாடியாவது இதைச் சொல்லிடணும். சொன்னதோட விடாதே. உதவி பதிவாகிடுச்சுன்னு மெயில்லயோ மெசேஜ்லயோ வாங்கி வெச்சுக்கோ.

"டாக்டர் சர்டிபிகேட் இருக்கா?"ன்னு யாராவது இழுத்தா தெரிஞ்சுக்கோ: ஏறி இறங்கவும் ஏர்போர்ட்ல வழிகாட்டவும் மட்டும் உதவி கேட்கிற மாற்றுத்திறனாளிகிட்ட மருத்துவச் சான்று கட்டாயம்னு கேட்கக் கூடாதுன்னு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தோட (டி.ஜி.சி.ஏ.) விதி இருக்கு. 2022 மே மாசம் ராஞ்சி ஏர்போர்ட்ல சிறப்புக் கவனம் தேவைப்பட்ட ஒரு பையனை விமானத்துல ஏத்த மறுத்துட்டாங்க. அந்த நிறுவனத்துக்கு டி.ஜி.சி.ஏ. 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அதே வருஷம் விதியையும் திருத்தினாங்க. குறைபாட்டைக் காரணம் காட்டி யாரையும் ஏத்த மறுக்கக் கூடாது. பயணியோட உடம்பு நடுவழியில மோசமாகலாம்னு நினைச்சா டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும், ஊழியரே முடிவு பண்ணக் கூடாது.

மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. கார்டு இன்னும் வாங்கலைன்னா இப்பவே விண்ணப்பிச்சிடு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல உள்ள 21 குறைபாடுகள்ல ஆட்டிசமும் ஒண்ணு. பையனைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது, அதனால "நல்லாத்தானே இருக்கான்"னுதான் முதல்ல சொல்லுவாங்க. அங்கே நீ விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்க வேண்டாம், கார்டை நீட்டினா போதும்.

நேரத்தையும் பார்த்து எடு. விடியற்காலை பிளைட்டுன்னா டிக்கெட் விலை குறைவா இருக்கலாம். தூக்கம் கெட்ட பிள்ளையை வரிசையில நிக்க வைக்கிற பாடு உனக்குத் தெரியும். அவன் எப்போ தூங்கிச் சாப்பிட்டுத் தெளிவா இருப்பானோ, அந்த நேரத்தை ஒட்டி எடு.

மெட்ரோவுல ஒத்திகை பாரு

இதுக்குப் பைசா செலவு கிடையாது, மெட்ரோ டிக்கெட் மட்டும்தான். சென்னை மெட்ரோ ஸ்டேஷன்ல பையை ஸ்கேனர்ல போடணும், வாசல் மாதிரி நிக்கிற மெட்டல் டிடெக்டர் வழியா நடக்கணும், கைக்கருவி வெச்சுச் சோதிப்பாங்க. ஏர்போர்ட்ல நடக்கப் போறதுக்கு இதைவிடக் கிட்டத்துல ஒரு ஒத்திகை கிடைக்காது. கூட்டம் இல்லாத மத்தியானமாப் பார்த்து ரெண்டு மூணு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போ. கடைசி ஒத்திகைக்கு ஏர்போர்ட் ஸ்டேஷன்லயே இறங்கி, டெர்மினலை வெளியிலிருந்து காட்டு. கண்ணாடிக் கட்டடம், டிராலிச் சத்தம், கூட்டம் எல்லாம் அவனுக்கு அன்னைக்கே பழகட்டும்.

வீட்டுலயும் விளையாட்டா பண்ணு. சாப்பாட்டுத் தட்டுதான் ட்ரே, சாப்பாட்டு மேஜைதான் ஸ்கேனர். அவனோட பொம்மையைத் தட்டுல வை, மேஜைக்கு அடியில தள்ளு, அந்தப் பக்கமா வர்றதைக் காட்டு. "போகும், வரும்"னு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லு. பொம்மை காணாமப் போகலை, திரும்பி வரும்னு அவன் உடம்புக்கே பழகணும். அப்புறம் ஒரு மரப்பலகை மேல நிக்க வெச்சு, கையை விரிக்கச் சொல்லி, டி.வி. ரிமோட்டைச் சுத்திலும் ஓட்டு. பத்து எண்ணறதுக்குள்ள முடிச்சிடு. அப்புறம் அவன் உனக்குப் பண்ணட்டும், அதுலதான் பயம் பாதி குறையும்.

படக்கதையும் ஒண்ணு தயார் பண்ணு. கார், வாசல்ல போலீஸ் மாமா, கவுன்ட்டர், ட்ரே, பீப், கேட், பிளைட் – ஒரு பக்கத்துக்கு ஒரு படம். செக்கிங் இடத்துல போட்டோ எடுக்க விடமாட்டாங்க, அதனால அந்தப் பக்கங்களை நீயே கையால வரைஞ்சிடு. "சீக்கிரம் முடிஞ்சிடும்"னு எழுதாதே. அவனுக்கு அது எவ்வளவு நேரம்னு புரியாது. "ட்ரே முடிஞ்சா பிஸ்கட்"னு எழுது. எது முதல்ல, எது அப்புறம்னு தெரிஞ்சா அவனால தாங்கிக்க முடியும்.

உடுப்பும் பையும்

- பெல்ட், உலோகப் பட்டன், ஜிப் வெச்ச ஜாக்கெட், அரைஞாண் கொடி, வெள்ளிக் காப்பு எதுவும் வேண்டாம். எலாஸ்டிக் பேன்ட், பழகின டீ-சர்ட், கழட்ட மாட்ட லேசான செருப்பு. புதுத்துணி போட்டு அழகு பார்க்கிற நாள் இது இல்லை.
- ஒலி தடுக்கும் ஹெட்போனைக் கழட்டச் சொல்லுவாங்க. ட்ரேயில கடைசியா வை. அந்தப் பக்கம் வந்ததும் முதல்ல எடுத்து மாட்டிடு.
- டேப்லெட்டை வெளியில எடுத்துத் தனி ட்ரேயில வைக்கணும். பையன் பேசறதுக்கு அவாஸ் மாதிரி ஆப்பை நம்பி இருந்தா, அந்த நேரம் அவனுக்கு வாயைக் கட்டின மாதிரி. அதனால "வலிக்குது", "வேண்டாம்", "அம்மா", "பாத்ரூம்"னு நாலு படத்தை அட்டையில ஒட்டிக் கையோட வெச்சுக்கோ.
- பவர் பேங்க் கைப்பையிலதான் இருக்கணும், செக்-இன் பெட்டியில போடக் கூடாது.
- பொம்மைத் துப்பாக்கி, கத்தரிக்கோல் எல்லாம் வீட்டுலயே இருக்கட்டும். அங்கே வாங்கி வெச்சுக்கிட்டாங்கன்னா அழுகையை நிறுத்த முடியாது. வெளிநாட்டு பிளைட்டுன்னா ஸ்லைம் மாதிரி வழவழப்பான சாமானும் வேண்டாம்.
- மருந்து இருந்தா டாக்டர் சீட்டோட கைப்பையில. தண்ணி பாட்டிலைக் காலியா கொண்டு போய், செக்கிங் முடிஞ்சதும் நிரப்பிக்கோ.
- பையனோட சட்டைப் பையில உன் போன் நம்பர் எழுதின சீட்டு. திடீர்னு ஓடற பிள்ளைன்னா இது இல்லாம வாசப்படி தாண்டாதே.

அங்கே போனதும் என்ன சொல்றது?

சென்னை ஏர்போர்ட்ல செக்கிங் பண்றவங்க மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை, சி.ஐ.எஸ்.எஃப். பல பேர் வடமாநிலத்துக்காரங்க, தமிழ் தெரியாம இருக்கலாம். அதனால உள்ளங்கை அளவு அட்டையில தமிழ், இங்கிலீஷ், ஹிந்தி மூணுலயும் எழுதி வை: "என் மகனுக்கு ஆட்டிசம். பேச மாட்டான். திடீர்னு தொட்டா பயப்படுவான். தொடறதுக்கு முன்னாடி சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கணும்." இதுக்கு மேல எழுதாதே. நீளமா எழுதினா அந்த அவசரத்துல யாரும் படிக்க மாட்டாங்க.

கவுன்ட்டர்ல போர்டிங் பாஸ் வாங்கும்போதே, செக்கிங் வரைக்கும் கூட வர ஒரு ஊழியரைக் கேளு. டி.பி.என்.ஏ. பதிவு இங்கேதான் கை கொடுக்கும். ஊழியர் கூட வந்தா நீண்ட வரிசையில நிக்காம போக வாய்ப்பு உண்டு. வரிசை முன்னாடி இருக்கிற அதிகாரிகிட்ட அவரே பேசிடுவார். யாரும் வரலைன்னா நீயே வரிசைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி, ஓரமா நிக்கிற அதிகாரிகிட்ட அட்டையையும் யூ.டி.ஐ.டி.யையும் காட்டு.

ஆண் வரிசை, பெண் வரிசை

இதைக் கவனமா கேளு, நம்ம ஊர்ல பெரிய சிக்கலே இங்கேதான். பெண்களைத் திரை போட்ட தடுப்புக்குள்ள பெண் அதிகாரி சோதிப்பாங்க. ஆண்கள் வெளியில, பலகை மேல ஏறி நிக்கணும். சின்னப் பையன்னா அம்மா கூடவே விட்டுடுவாங்க. பன்னெண்டு, பதிமூணு வயசுல உன் தோள் உயரம் வளர்ந்த பையனை ஆண் வரிசைக்குத்தான் அனுப்புவாங்க. அவன் மனசுக்கு வயசு என்னன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்காரர் கூட வந்தா, அவர் முதல்ல பலகை மேல ஏறட்டும், பையன் பார்க்கட்டும், அடுத்து அவன் ஏறட்டும். நீ உன் சோதனையை முதலிலேயே முடிச்சுட்டு அந்தப் பக்கம் ட்ரேக்கிட்ட நில்லு. அவன் பொம்மை உன் கையில இருக்கிறதை அவன் பார்க்கணும். சாமான் ஒருத்தர் பொறுப்பு, பையன் ஒருத்தர் பொறுப்பு. ரெண்டு பேரும் ரெண்டையும் பார்க்கக் கூடாது.

தனியா போறேன்னா அதிகாரிகிட்ட இப்படிக் கேளு: "முதல்ல என் சோதனையை முடிச்சுடுங்க. அப்புறம் அவன் சோதனை நடக்கும்போது நான் எதிர்ல நிக்கறேன்." முடிஞ்சா ஒதுக்குப்புறமா வெச்சுச் சோதிக்கவும் கேளு. வளர்ந்த பெண் பிள்ளையோட அப்பா தனியா போனாலும் இதே பேச்சுதான்: திரைக்குள்ள என்ன நடக்கும்னு மகளுக்கு வீட்டுலயே பழக்கிக் காட்டி, வெளியில நின்னு குரல் கொடுத்துக்கிட்டே இருக்கணும்.

தொடும்போது

நம்ம பிள்ளைங்கள்ல பலருக்கு லேசா வருடற மாதிரி தொட்டாதான் கூசும். அழுத்தமா தொட்டா தாங்கிக்குவாங்க. உன் பையன் அப்படின்னா அதை அதிகாரிகிட்ட சொல்லு. வரிசையில நிக்கும்போதே தோளையும் கையையும் நீ நல்லா அழுத்திப் பிடிச்சு விடு. சோதனை நடக்கும்போது அதட்டாதே, "பாரு, மாமா அடிப்பாரு"ன்னு மட்டும் சொல்லவே சொல்லாதே. ஒத்திகையில எண்ணின மாதிரி ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணு. பத்து வந்தா முடியும்னு அவனுக்குத் தெரியும்.

கத்த ஆரம்பிச்சுட்டா?

அடம் இல்லை அது, அவனால தாங்க முடியலை. வரிசையை விட்டு ஓரமா கூட்டிட்டு வந்துடு. பின்னாடி நிக்கிறவங்களை முன்னாடி போகச் சொல்லு. பேச்சைக் குறை, "ஏன்டா, என்னடா"ன்னு கேள்வி வேண்டாம். ஹெட்போனை மாட்டு, கீழே உட்கார்ந்தா உட்காரட்டும். "ஆட்டிசம், ரெண்டு நிமிஷம் கொடுங்க"ன்னு அதிகாரிகிட்ட ஒரு தடவை சொல்லு, போதும். வேடிக்கை பார்க்கிறவங்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு இருக்காதே. இந்த ரெண்டு நிமிஷம் கையில இருக்கணும்னா, வழக்கத்தைவிட ஒரு மணி நேரமாவது முன்னாடி கிளம்பணும்.

ஊழியர் யாராவது மரியாதை இல்லாம நடந்துக்கிட்டா அங்கேயே சண்டை வேண்டாம், பையன் இன்னும் மிரண்டுடுவான். ஷிப்ட் பொறுப்பாளரைக் கூப்பிடச் சொல்லு. பேர், நேரம், கேட் நம்பர் குறிச்சுக்கிட்டு, அப்புறமா விமானத் துறை அமைச்சகத்தோட ஏர்சேவா தளத்துல புகார் போடு.

வேற ஊர், வேற நாடு

சூரியகாந்திப் பூப் போட்ட பச்சை நிறக் கழுத்துப்பட்டையைக் கேள்விப்பட்டிருப்பே. வெளியில தெரியாத குறைபாடு உள்ளவங்களுக்காக 2016-ல லண்டன் கேட்விக் ஏர்போர்ட்ல ஆரம்பிச்சது. இப்போ பல நாட்டுல இருக்கு. நம்ம நாட்டுல பெங்களூரு, டெல்லி ஏர்போர்ட்கள்லயும் இருக்கு. இதைப் போட்டா சோதனை ரத்தாகாது, ஊழியர் பார்த்துப் பொறுமையா நடந்துக்குவார். நீ போற ஊர்ல உண்டான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோ.

அமெரிக்காவுக்குப் போறவங்களா இருந்தா, அங்கேருந்து திரும்பறதுக்கு 72 மணி நேரம் முன்னாடி, அந்த ஊர் ஏர்போர்ட் பாதுகாப்புத் துறையோட டி.எஸ்.ஏ. கேர்ஸ் உதவி எண்ணுக்குப் பேசிடணும். அங்கே சோதனைக்காகக் குழந்தையைப் பெத்தவங்ககிட்டேருந்து பிரிக்க மாட்டாங்க. வெளிநாட்டுப் பயணத்துல இமிக்ரேஷன்னு இன்னொரு வரிசையும் உண்டு. படக்கதையில அதுக்கும் ஒரு பக்கம் போட மறந்துடாதே.

இவ்வளவையும் ஒரே நாள்ல பண்ண முடியாது. பயணத்துக்கு மூணு வாரம் முன்னாடி மெட்ரோ, ரெண்டு வாரம் முன்னாடி படக்கதை, ஒரு வாரம் முன்னாடி அட்டைன்னு பிரிச்சுக்கோ. எதுக்குமே நேரம் இல்லைன்னாலும் விமான நிறுவனத்துக்கு அந்த ஒரு போனை மட்டும் விட்டுடாதே. 48 மணி நேரம் முன்னாடி, டி.பி.என்.ஏ.ன்னு நாலே எழுத்து. இன்னைக்கே போட்டுடு தங்கச்சி.