கூண்டின் பின்கட்டு

காலை ஆறரைக்குப் புலிக்கூண்டின் பின்கதவைத் திறந்தால், பிரியாணிக்கு அரிசி வடித்து வைத்ததுபோல ஒரு வாசம் வரும். புலிக்கூண்டு வேலைக்கு வந்த முதல் வாரம் எனக்கு நிஜமாகவே பசித்தது. புலி தன் எல்லையைக் குறிக்கப் பின்பக்கமாகப் பீய்ச்சும் நீரின் வாசம் அது என்று அப்புறம்தான் தெரிந்தது. பாசுமதிக்கு மணம் கொடுக்கிற அதே வேதிப்பொருள் அதில் இருப்பதை வங்காளத்து அறிவியலாளர் ரத்தன்லால் பிரம்மச்சாரி கண்டறிந்தார் என்று எங்கள் கால்நடை டாக்டர் சொன்னார். இதை வீட்டில் போய்ச் சொன்ன நாளிலிருந்து என் மனைவி பாசுமதி வாங்குவதில்லை.

22 வருடமாக நான் விலங்குக் காப்பாளன். முதலில் மான், பிறகு குரங்கு, இப்போது புலி. கல்யாண வீடுகளில் “இவர் புலியோட வேலை பார்க்கிறார்” என்று அறிமுகப்படுத்துவார்கள். உள்ளபடி நான் வேலை பார்ப்பது விளக்குமாறு, ரப்பர் பைப், பூட்டு இவற்றோடுதான். இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

பகலில் புலிகள் அகழியும் மரமும் உள்ள திறந்தவெளியில் இருக்கும். இரவில் உள்கூண்டு. காலையில் அவற்றை வெளியே விட்டு, இடைக்கதவை லீவரால் இறக்கிப் பூட்டிய பிறகே கூட்டிக் கழுவ உள்ளே போகலாம். ஆளும் புலியும் ஒரே வெளியில் ஒருபோதும் இருக்கக் கூடாது. சொல்ல அரை நிமிடம் போதும்.

நான் புலிக்கு மாறிய முதல் வருடம் அந்தக் கூண்டில் இரண்டு புலிகள். ஒரு மழைநாள் காலை. கதவைத் தூக்கினேன், ஒன்று பாய்ந்து வெளியே போனது. அதன் பின்னாலேயே இன்னொரு கோடு போட்ட முதுகு போனதாக எனக்குத் தோன்றியது. கதவை இறக்கிப் பூட்டி, பைப்பை எடுத்துக்கொண்டு உள்கம்பிக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தேன். பின்னாலிருந்து யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். சீனியர் அண்ணன்.

“எத்தனை போச்சு?”

“ரெண்டும் போச்சுண்ணே.”

“பார்த்தியா, நினைச்சியா?”

பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் டார்ச்சை அடித்தார். மூலை மேடையில், சுவரோடு சுவராக ஒட்டிப் படுத்துக்கொண்டு பெண்புலி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. உறுமவில்லை, அசையவில்லை. மழை அதற்குப் பிடிக்காமல் உள்ளேயே இருந்துவிட்டது, அவ்வளவுதான். அண்ணன் திட்டவில்லை. போய் டீ வாங்கிவரச் சொன்னார். கை ஆடியதில் பாதி டீயை வழியிலேயே சிந்தினேன்.

அன்றிலிருந்து வாய்விட்டு எண்ணுவேன். “ஒண்ணு, எங்கே? மரத்தடி. ரெண்டு, எங்கே? தண்ணித்தொட்டி.” பூட்டியதும் பூட்டை ஒரு இழு இழுத்துப் பார்ப்பேன். புதிதாக வரும் பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

புலி பழகிவிட்டால் மூக்கு வழியாகப் ‘புர்ர்ர்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும். அது அதன் வணக்கம். சிங்கத்திடம் இது கிடையாது. முதன்முறை எனக்கு அப்படிச் செய்தபோது நெஞ்சு நிறைந்துபோனது. ஆனாலும் கம்பிக்குள் விரலை விடுகிற உரிமை அந்த வணக்கத்தில் இல்லை.

அடுத்தது மிச்சம். கூண்டுக்குள் போனதும் விளக்குமாற்றைத் தொடாதீர்கள். முதலில் தட்டில் எவ்வளவு மீந்திருக்கிறது, சாணி எப்படி இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். காட்டில் சீக்கு என்று காட்டிக்கொள்கிற மிருகம் பிழைக்காது, அதனால் கூண்டிலும் அவை கடைசிவரை மறைக்கும். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது. எலும்போடு கறி தின்ற புலியின் எச்சம் காய்ந்ததும் வெளுத்துச் சுண்ணாம்புபோல் உதிரும். எலும்பில்லாத வெறும் கறியையே போட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்து குட்டிகளின் கால் வளைந்துவிடும்.

இதில் நானும் சறுக்கியிருக்கிறேன். கருமந்தி பார்த்துக்கொண்டிருந்த காலம். ஒரு திங்கட்கிழமை, பெரிய ஆண் குரங்கின் தழை அப்படியே கிடந்தது. வெயிலுக்குப் பசியில்லை போல என்று கூட்டித் தள்ளிவிட்டு, தினசரி அறிக்கையில் ‘நார்மல்’ என்று எழுதினேன். மத்தியானம் பார்த்தால் வயிறு பானையாக உப்பி, கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. கருமந்திக்கு இலையை ஊறவைத்துப் புளிக்கவைக்கிற வயிறு, மாட்டுக்கு இருப்பது மாதிரி. அதில் பன்னும் பிஸ்கட்டும் விழுந்தால் வாயு கட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாரோ அன்போடு எறிந்திருக்கிறார்கள். டாக்டர் இரண்டு நாள் போராடிக் காப்பாற்றினார். அந்த ‘நார்மல்’ இன்னும் அந்த நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜெ பிரிவு, பூங்கா விலங்கைச் சீண்டுவதையும் அதற்குத் தீனி போடுவதையும் ஒரே வரியில் தடை செய்கிறது. சட்டம் எழுதியவருக்குக் குரங்கு வயிறு தெரிந்திருக்கிறது.

மானிடம் அவசரம் கூடவே கூடாது. துரத்திப் பிடித்த மான் அப்போதைக்கு நன்றாகத்தான் நிற்கும். தசை உள்ளுக்குள் சிதைந்து மறுநாளோ அடுத்த நாளோ செத்து விழும். அதனால் துணித்திரை கட்டி, நாள்கணக்கில் அதற்குள்ளேயே தீனி வைத்துப் பழக்கி, ஓடவிடாமல் நடக்கவைத்துத்தான் வண்டியில் ஏற்றுவோம்.

வாரத்தில் ஒரு நாள் புலிக்குப் பட்டினி. காட்டிலும் அதற்குத் தினமும் இரை கிடைக்காது. அன்று கோணிப்பையில் பட்டையும் சோம்பும் பொடித்துப் போட்டுத் தொங்கவிடுவேன். பூனைக்குட்டி மாதிரி கட்டிப் புரளும்.

காய்ச்சல், இருமல் என்றால் வீட்டிலேயே இருந்துவிடுங்கள். முன்பெல்லாம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருவதை விசுவாசம் என்று நினைத்தோம். 2021இல் வண்டலூர்ச் சிங்கங்களுக்குக் கொரோனா வந்தபிறகு யாரும் அப்படி நினைப்பதில்லை. பெர்மாங்கனேட் தண்ணீரில் காலை முக்காமல் எந்தக் கூண்டுக்கும் போகாதீர்கள்.

யூனிஃபார்மையும் பூங்காவிலேயே கழற்றி வைத்துவிட்டு, குளித்துவிட்டுக் கிளம்புங்கள். ஒருமுறை பைப்பில் தண்ணீர் வரவில்லை என்று காக்கிச் சட்டையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடியில் போட்டுவிட்டேன். சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆயாவின் மாடு பால் கொடுக்க மறுத்துவிட்டது. கயிற்றை இழுத்துக்கொண்டு எங்கள் வேலியையே பார்த்து நின்றது. ஆயா கண்ணேறு என்று சூடம் சுற்றினாள். நான் சத்தமில்லாமல் சட்டையை எடுத்து வாளியில் முக்கினேன்.