கறுப்பர் மாடத்தில் அமர்ந்த குழந்தைகள்

கேள்வி: ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவல் நிறவெறியை ஒரு சிறுமியின் வாயிலாகச் சொல்வது ஏன்?

பதில்: 1960-இல் வெளிவந்து மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற இந்நாவலின் களம், 1930-களின் அலபாமாவில் மேகோம்ப் என்ற கற்பனைச் சிற்றூர். நிறப் பாகுபாடு அந்த ஊர்ப் பெரியவர்களுக்குப் பழகிப்போனது. கதைத் தொடக்கத்தில் ஆறு வயதுகூட நிரம்பாத ஸ்கவுட்டுக்குப் பழகவில்லை. அதனால் கேள்வி கேட்கிறாள்.

நாவலின் உயிர் நீதிமன்றக் காட்சியில் இருக்கிறது. வெள்ளைப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக டாம் ராபின்சன் என்ற கறுப்பின இளைஞர் மீது பொய்ப்பழி. அவருக்காக வாதாடுபவர் ஸ்கவுட்டின் தந்தை ஆட்டிகஸ். பெண்ணுக்கு அடிபட்டது முகத்தின் வலப்பக்கம். அடித்தவர் இடக்கைக்காரராக இருக்கவே வாய்ப்பு அதிகம். டாமின் இடக்கையோ சிறுவயதில் பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்தது. கறுப்பர்களுக்கென ஒதுக்கிய மாடத்தில் அமர்ந்து கேட்கும் அண்ணன் ஜெம், வழக்கு வென்றாயிற்று என்றே நம்புகிறான். ஜூரியின் தீர்ப்பு: குற்றவாளி. சான்று இருந்தால் நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கை உடைந்து சிறுவன் அழுவது, எந்தச் சட்ட விளக்கத்தையும்விட ஆழமாகத் தைக்கிறது. 1931-இல் அதே அலபாமாவில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் இதுபோன்ற பழியில் சிக்கிய ஸ்காட்ஸ்பரோ வழக்கு இதோடு ஒப்பிடத்தக்கது.

ஆனால் வெள்ளைச் சிறுமியின் பார்வைக்கு எல்லை உண்டு. டாமின் வீட்டுக்குள் அது அதிகம் நுழைவதில்லை. மில்ட்ரெட் டெய்லரின் ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை’ (1976) அந்தக் குறையைத் தீர்க்கிறது. மிசிசிப்பியின் கறுப்பினச் சிறுமி காசி அதன் கதைசொல்லி. வெள்ளைப் பிள்ளைகள் படித்துத் தேய்ந்த பாடநூல்கள்தான் அவள் வகுப்புக்கு வருகின்றன.