ஏலகிரியா, ஏற்காடா, கொல்லிமலையா?

கிழக்கே கடல், வடக்கே போனால் மரக்காணம் உப்பளம், சுற்றிலும் செம்மண்ணும் முந்திரியும். நம் குயிலாப்பாளையத்துக்காரர்களுக்கு மலை என்றால் வேன் பிடித்துப் போக வேண்டிய இடம்தான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், கூட்டத்துக்கும் குறைவில்லை. நாலு குடும்பம் சேர்ந்து போய் நடந்து, குளித்து, மலையூர்த் திருவிழாவையும் பார்த்து வர நினைத்தால் இந்த மூன்றில் ஒன்றுக்குப் போங்கள். எந்த மலை அழகு என்று கேட்டால் முடிவே கிடைக்காது. எந்த விழாவுக்குப் போகிறோம், யாரைக் கூட்டிப் போகிறோம் என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

ஏலகிரி

கைக்குழந்தையும் பாட்டியும் உடன் வந்தால் இதுதான் தோது. திருவண்ணாமலை, செங்கம், திருப்பத்தூர் வழியாகப் போகலாம். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 14 மட்டுமே. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்கள். பிள்ளைகளைப் பலகை படிக்கச் சொன்னால் தலைசுற்றல்கூட மறந்துபோகும். புங்கனூர் ஏரியில் படகு உண்டு. கால் வலு உள்ளவர்கள் சுவாமிமலை உச்சிக்கு நடக்கலாம். கோடை விழா அரசு நடத்துவது. தேதியை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏற்காடு

மே மாத விடுமுறையில் குளிர் தேடுபவர்களுக்கு ஏற்றது. உயரம் சுமார் 1,500 மீட்டர். கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம் வழி. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, அடியில் காபிச் செடிகள் நிற்கும் பாதையில் காலையில் நடப்பதே தனிச் சுகம். மே மாதத்தில் இங்கே இரண்டு விழாக்கள். மலர்க் கண்காட்சியோடு நடக்கும் கோடை விழா நம்மைப் போன்ற பயணிகளுக்காக. சேர்வராயன் கோயில் திருவிழா மலையாளிப் பழங்குடி மக்களுடையது. உச்சியில் உள்ள அந்தக் குகைக் கோயிலுக்குள் தலையைக் குனிந்துதான் போக முடியும்.

கொல்லிமலை

இளவட்டங்களுக்கு உரியது. சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி ஒத்துக்கொள்ளாதவர்களை அழைத்துப் போக வேண்டாம். அறப்பளீசுவரர் கோயிலருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. இறங்கும்போது ஒன்றும் தெரியாது. குளித்துவிட்டு ஏறும்போதுதான் முழங்கால் பேசும். மேலே வந்ததும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடியுங்கள். ஆட்டுக்கால் போல ரோமம் மூடிய அந்தக் கிழங்கைச் சுரண்டி, நறுக்கி, மிளகு போட்டுக் கொதிக்கவைத்துத் தருவார்கள். ஆடி 17, 18 தேதிகளில், அதாவது ஆகஸ்ட் 2, 3 வாக்கில், இந்த மலையின் மன்னன் வல்வில் ஓரிக்கு விழா. அம்பு எய்யும் போட்டியைப் பார்க்கலாம். ஆடிப் பெருக்குக்கு அறப்பளீசுவரரிடமும் கூட்டம் வரும். பெருமழை என்றால் அருவிப் பக்கம் போகாதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதியவர்களும் குழந்தைகளும் இருந்தால் ஏலகிரி. மே மாதம் மட்டுமே லீவு கிடைக்கும் என்றால் ஏற்காடு. ஆடியில் புறப்பட முடிந்தால், நடக்கத் தெம்பும் இருந்தால், தயங்காமல் கொல்லிமலை. என் மனம் அங்கேதான் போகும். தன் மன்னனை இன்னும் கொண்டாடும் மலை அது.

எங்கே போனாலும் ஒன்று. மாட்டுப் பொங்கலன்று நம் ஊருக்கு வெளியாட்கள் கேமராவோடு வருகிறார்கள். கேட்டுவிட்டுப் படம் எடுப்பவரைத் திண்ணையில் உட்காரவைத்துப் பொங்கல் கொடுக்கிறோம். மாட்டுக்கும் பூசைக்கும் குறுக்கே நிற்பவரைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். சேர்வராயன் குகை வாசலிலும் அறப்பளீசுவரர் படியிலும் நாம்தான் வெளியாட்கள்.