ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கும் டாக்டருக்கும் நடுவில் ஓர் இரவு

சேலம் ஐந்து ரோட்டிலோ நாமக்கல் பரமத்தி ரோட்டிலோ ஸ்கேன் எடுத்தால் சாயங்காலமே ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. டாக்டரைப் பார்க்க டோக்கன் கிடைப்பது மறுநாளோ திங்கட்கிழமையோதான். நடுவில் இருக்கும் ராத்திரியில் வீட்டில் யாராவது ஒருவர் சாட்ஜிபிடியையோ ஜெமினியையோ திறந்து, "இது என்ன வியாதி?" என்று கேட்கிறார். தாராளமாகக் கேட்கலாம். ஆனால் பெரும்பாலோர் கேட்கிற விதத்தில் பாதி ராத்திரித் தூக்கம் போவதுதான் மிச்சம். டாக்டர் முன்னால் உட்காரப்போகிற அந்தச் சில நிமிஷங்களுக்குத் தயாராவதற்கு மட்டும் இந்தச் செயலியை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, ரிப்போர்ட்டைப் பிடிஎஃப்பாகக் கேட்டு வாங்குவது. தாளாகத்தான் கிடைத்தது என்றால் பகல் வெளிச்சத்தில் எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள். பெயர், செல் நம்பர், ஆஸ்பத்திரி எண், மூலையில் உள்ள கியூஆர் கோடு எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். வயதும், ஆணா பெண்ணா என்பதும், எதற்காக ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள் என்பதும் இருக்கட்டும்.

ஃபிலிமைப் படம் எடுத்துப் போடாதீர்கள். எத்தனை சொன்னாலும் இதை யாரும் கேட்பதில்லை. எம்.ஆர்.ஐ. என்பது நூற்றுக்கணக்கான படங்கள். ரேடியாலஜிஸ்ட் அவற்றைத் திரையில் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துத்தான் ரிப்போர்ட் எழுதுகிறார். ஃபிலிமில் இருப்பது அவற்றிலிருந்து பொறுக்கி அச்சடித்த கொஞ்சம். அதையும் ஜன்னலில் பிடித்து செல்போனில் எடுத்துப் போட்டால், செயலி "எனக்குத் தெரியவில்லை" என்று ஒதுங்கிவிடும் என நம்பாதீர்கள். சரளமாக ஏதாவது ஒன்றைச் சொல்லும். "காசநோய்க்கு எக்ஸ்ரேயை ஏஐ தானே பார்க்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய் சந்தேகத்தைப் பிரித்தெடுக்க அப்படிப்பட்ட மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. அந்த ஒரு கேள்விக்கென்றே பழக்கி, சோதித்துப் பார்த்த மென்பொருள் அது. அதற்குப் பிறகும் சளிப் பரிசோதனை உண்டு. உங்கள் போனில் இருப்பது அந்த வகையே இல்லை.

இனிதான் சிக்கலான இடம். என்ன எழுதிக் கேட்பது? நான் சொல்லித் தருவது இந்த வாசகத்தை:

"கீழே இருப்பது 47 வயது ஆணின் இடுப்பு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட். லாரி ஓட்டுபவர். ஆறு மாதமாக இடுப்பு வலி. ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதை மட்டும் வரிக்கு வரி எளிய தமிழில் சொல். மருத்துவச் சொற்களைத் தமிழாக்காமல் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதி, பக்கத்தில் விளக்கம் கொடு. அளவையும் இடது வலதையும் மாற்றாதே. ரிப்போர்ட்டில் இல்லாததைச் சேர்க்காதே. சிகிச்சை சொல்லாதே."

மருத்துவச் சொற்களைத் தமிழாக்க வேண்டாம் என்று ஏன் அடம்பிடிக்கிறேன் என்றால், சிஸ்ட், நாட்யூல், மாஸ் மூன்றுமே தமிழில் "கட்டி" ஆகிவிடுகின்றன. சில சமயம் லீஷனும் அப்படியே வந்து நிற்கும். அது வழக்கத்துக்கு மாறாகத் தெரிகிற எந்த இடத்துக்கும் வைக்கிற பொதுப்பெயர். சிறுநீரகத்தில் சிம்பிள் சிஸ்ட் என்றால் நீர் கோத்த சிறு பை. வயதானவர்களுக்குச் சகஜம், பெரும்பாலும் வைத்தியமே தேவைப்படாது. அதையே "கிட்னியில் கட்டி இருக்குதாம்" என்று சித்தப்பா குடும்ப குரூப்பில் போட்டால், ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் சொந்தக்காரர்கள் கிளம்பி வந்துவிடுவார்கள்.

மார்பக ஸ்கேனில் இதைவிட மோசமான ஒரு குழப்பம் உண்டு. பைராட்ஸ் 4 என்று இருப்பதை "நான்காம் நிலை" என்று படித்துவிட்டு அழுகிறார்கள். செயலியும் தமிழில் "நிலை" என்ற சொல்லைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. பைராட்ஸ் என்பது 0 முதல் 6 வரை போகிற வகைப்பாடு. புற்றுநோயின் கட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2 என்றால் தீங்கில்லாதது. 0 என்றால் இன்னும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் அல்லது பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும், முடிவு சொல்லவில்லை என்று பொருள். 4 என்றால் சந்தேகம் இருக்கிறது, பெரும்பாலும் ஊசி வைத்துத் திசு எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். பார்த்த பிறகு ஒன்றுமில்லை என்று வருவதும் நிறைய நடக்கும்.

பதில் வந்ததும் படித்துவிட்டுப் போனை வைத்துவிடாதீர்கள். ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து மூன்றைச் சரிபாருங்கள். இடது இடதாகவே இருக்கிறதா? மில்லிமீட்டர் சென்டிமீட்டராகிவிடவில்லையே? "இல்லை" என்ற வரிகள் இல்லை என்றே வந்திருக்கின்றனவா? ரிப்போர்ட்டில் பல வரிகள் என்னென்ன காணப்படவில்லை என்ற பட்டியல்தான்; ஒரு "இல்லை" விழுந்துவிட்டால் ஒரு வியாதி கூடிவிடும். இதற்காகவே குரலில் கேட்டுக் குரலில் பதில் வாங்குவது எனக்கு ஆகாது. எழுத்தில் இருந்தால்தான் விரல் வைத்துப் பார்க்க முடியும். சந்தேகமாக இருந்தால் புது உரையாடலைத் திறந்து ரிப்போர்ட்டையும் வந்த விளக்கத்தையும் சேர்த்துப் போட்டு, எங்கே முரண்படுகிறது என்று கேளுங்கள். "ஆபத்தா, ஆபத்தா" என்று அதே உரையாடலில் விடாமல் கேட்காதீர்கள்; உங்கள் பயத்துக்குத் தக்கபடி பதிலும் வளையத் தொடங்கும்.

நம் பக்கத்தில் இடுப்பு ஸ்கேன் அதிகம் பார்க்கிறேன். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி ஓட்டுபவர்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள், பள்ளிபாளையம் தறிக்காரர்கள். ரிப்போர்ட்டில் எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ் என்று இருக்கும், ஊரில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்பார்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பல்ஜ் இருந்தது. ஆக, ரிப்போர்ட்டில் இருப்பதுதான் உங்கள் வலிக்குக் காரணமா என்பதை டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்து, தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். "கிளினிக்கல் கோரிலேஷன்" என்று ரிப்போர்ட்டின் கடைசியில் எழுதியிருப்பதும் அதைத்தான்.

ஒன்று மட்டும் ராத்திரி முழுக்கக் காத்திருக்கக் கூடாது. இடுப்பு வலியோடு மூத்திரம் வராமல் அடைத்துக்கொண்டாலோ தன்னை அறியாமல் போனாலோ, மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ போனை வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்து, மூன்று கேள்விகளைத் தாளில் எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். "டாக்டரிடம் கேட்கக் கேள்விகள் கொடு" என்றால் செயலி பன்னிரண்டு கொடுக்கும். உங்கள் பிழைப்பைத் தொடுகிறவற்றை மட்டும் எடுங்கள். "சார், நான் லாரி ஓட்டறவனுங்க. எத்தனை நாளைக்கு வண்டி எடுக்கக் கூடாதுங்க?" என்பது நல்ல கேள்வி. "செயலி ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லுதுங்களே" என்பது கேள்வியே இல்லை.

கர்ப்ப ஸ்கேன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆணா பெண்ணா என்று செயலியிடம் கேட்கவே கேட்காதீர்கள். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டதே சேலம் மாவட்டத்தில்தான். இந்த ஊரில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பழைய ரிப்போர்ட் இருந்தால் புதியதோடு சேர்த்துப் போட்டு, தேதி வாரியாக அளவுகளை ஓர் அட்டவணையாகக் கேளுங்கள். செயலி உருப்படியாகச் செய்து தருகிற வேலை இது. சிறுநீரகக் கல் போன வருஷம் 5 மில்லிமீட்டர், இப்போது 6 என்றால் வளர்ந்துவிட்டது என்று அலற வேண்டாம். ஸ்கேன் கருவி மாறினாலும் அளப்பவர் மாறினாலும் அந்த அளவுக்கு வித்தியாசம் வரும். அட்டவணையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பழைய ஃபிலிமையும் சிடியையும் மடிக்காமல் உறையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கை நீட்டிக் கேட்பது அதைத்தான்.